உறவினர் எண்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் டீச்சரும் மகள் வாலும் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஜனவரியில் நீ தயாரித்த சாமான் வண்டியைச் சோதிக்கிறேன் என்று படிக்கட்டில் உருண்டாயே, அந்தக் கையை இப்போது தூக்க முடிகிறதா?

கடிதமா என்று சிரிக்காதே. இது என் மனைவி போட்ட சட்டம். "நீங்க ரெண்டு பேரும் போன்ல தொழில் பேசினா மூணாவது நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க. எழுதிக்கோங்க. எழுதினா குறுக்க பேச முடியாதுல்ல" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும். நாம் இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தி, சேர்ந்து கத்தி, சேர்ந்தே இழுத்து மூடிய லட்சணம் அவளுக்கும் தெரியும்.

பார்சலில் வருவது என் மாத்திரை டப்பா, எண் பதினான்கு. வேளைக்கு ஓர் அறை. நேரம் வந்தால் கூவும். மூடியைத் திறந்தால் நிற்கும். உடனே உறவினர் ஒருவருடைய போனுக்கு, மாத்திரை எடுத்தாயிற்று என்று செய்தி போகும். திறக்காவிட்டால், எடுக்கவில்லை என்று போகும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வேளை மூடி திறக்கிறது! ஒரு மருத்துவமனையின் தலைமை நர்ஸம்மா, வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்க நானூறு டப்பா கேட்டிருக்கிறார். செப்டம்பரில் கொடுக்கவேண்டும்.

உன் பக்கத்தில் தினமும் மாத்திரை சாப்பிடுகிற யாரிடமாவது இதைக் கொடுத்து, குறைகளை ஒளிக்காமல் எழுது. உன் வண்டி எப்படி ஓடுகிறது?

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி

---

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கை சரியாகிவிட்டது. டீச்சரின் சட்டத்துக்கு என் முழு ஆதரவு. வால் முன்பல் விழுந்த வாயோடு அனுப்பிய படத்தை மாமா தன் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார்.

டப்பாவை எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டியவள், வேலைக்குப் போகிறவள். வலிப்புக்கு மாத்திரை. காலை எட்டரை, இரவு எட்டரை. இரண்டு வேளை விட்டுப்போனால் நின்ற இடத்தில் விழுந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். வெளியே யாருக்கும் தெரியாது. பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே மூன்றாம் மாடிக்காரி என்றே வைத்துக்கொள்.

மூடி வழுக்காமல் திறக்கிறது, அறைகள் பெரியவை, எழுத்து தெளிவு. இதுவரை புகார் இல்லை.

என் வண்டிக்கு வருகிறேன். லிஃப்ட் இல்லாத வீடுகளில் சாமானை மாடிக்கு இழுத்துக்கொண்டு போக இதைவிட நல்ல வண்டி இல்லை என்று உன் அக்கா மார்தட்டிச் சொல்கிறாள். பக்கத்துக் குடியிருப்பில் மட்டும் அறுபது வீடு வாங்கியிருக்கிறது. ஒருவரும் திருப்பித் தரவில்லை. கேட்டுக்கொள், ஒருவரும்!

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

---

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் நலம். வாலுக்கு இரண்டாவது பல்லும் ஆடுகிறது.

மூன்றாம் மாடிக்காரிக்கு நன்றி சொல். அவள் டப்பாவும் தவறாமல் திறக்கிறது என்று இங்கே பதிவாகிறது. நல்ல பிள்ளை.

ஆனால் உன் வண்டி விஷயத்தில் என் காதில் பூச் சுற்றாதே. திருப்பித் தரவில்லை என்றால் பயன்படுத்துகிறார்கள் என்று யார் சொன்னது? வாங்கிய பொருளைத் திருப்பித் தர அலைவதைவிட மூலையில் போடுவது சுலபம். நீ ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்க்கிறாய். நம் பழைய கம்பெனியிலும் இதைத்தானே செய்தோம்? ஒரு நாள் முழுக்க அந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் போய் உட்கார். யாரையும் ஒன்றும் கேட்காதே. கேட்டால் உன் மனம் கோணாமல் பதில் சொல்வார்கள். சும்மா பார்.

அறிவுரை சொல்கிறான் பார் என்று பல்லைக் கடிப்பாய். கடி. குறுக்கே பேசத்தான் முடியாது.

மாமாவை இடுப்புவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்.

அன்புத் தம்பி

---

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். டீச்சருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் காலம், அவளைத் தொந்தரவு செய்யாதே.

போய் உட்கார்ந்தேன். காலை ஏழு மணியிலிருந்து இரண்டாம் மாடிப் படியில், கையில் ஒரு பத்திரிகையோடு. என் வண்டிகள் ஒவ்வொரு வாசலிலும் மடித்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் செருப்பு! வரிசை வரிசையாகச் செருப்பு. ஒரு வீட்டில் குடையும் தொங்கியது. இரண்டு வருட உழைப்பில் உன் அக்கா ஊரிலேயே விலை உயர்ந்த செருப்புத்தட்டைத் தயாரித்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு ஒரு தையல்காரர் மட்டும் துணிமூட்டையை வண்டியில் வைத்து இழுத்து வந்தார். படி ஏறியது. திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கைப்பிடி நீளம், திரும்ப இடமில்லை. என்னைத் திட்டினார். நான்தான் என்று தெரியாமல் திட்டினார், அதனால் முழு மனத்தோடு திட்டினார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கைப்பிடியை மடிக்கிற மாதிரி மாற்றப்போகிறோம். நீ சொன்னது சரி, போ.

இப்போது உன் முறை. மூன்றாம் மாடிக்காரி விஷயம். காலை எட்டரைக்கு அவள் வேலையிடத்தில் இருப்பாள், சுற்றிப் பத்துப் பேர். டப்பா கூவியதும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "என்னது அது, என்ன உடம்புக்கு?" என்று கேட்கிறார்கள். அவள் சத்தத்தை நிறுத்துவதற்காக மூடியைத் திறந்து மூடிவிடுகிறாள். அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பாள். அந்த அப்புறம் பல நாள் வருவதில்லை. உன் பதிவில் மட்டும் அவள் நல்ல பிள்ளை.

மூடி திறந்ததும் மாத்திரை தொண்டையில் இறங்கியதும் ஒன்றா? யோசித்து எழுது.

அக்கா

---

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். டீச்சருக்குத்தான் சிவப்பு மை தீர்ந்தது.

செருப்புக் கதையைப் படித்து வீடே சிரித்தது. கைப்பிடி மாற்றம் நல்ல முடிவு.

டப்பா விஷயத்தில் ஒரே ஒருத்தியை வைத்துக்கொண்டு பொருளைத் தலைகீழாகப் புரட்ட முடியாது. மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒழுங்காக இருக்கிறார்களே? இருந்தாலும் நீ சொன்னதற்காகச் சரிசெய்துவிட்டேன். இனிச் சத்தம் இரண்டு மடங்கு. மூடி பத்து நொடி திறந்திருந்தால்தான் நிற்கும். திறந்து மூடி ஏமாற்றும் வேலை நடக்காது. புதிய டப்பாவை அனுப்பியிருக்கிறேன், அதே எண்ணில்.

அவளிடம் நான் சொன்னதாகச் சொல். வெட்கப்பட்டால் வியாதி போய்விடுமா? விழுந்தால் பத்துப் பேரும் பார்க்கத்தானே போகிறார்கள், கூவும்போது பார்த்தால் என்ன?

மாமா டாக்டரைப் பார்த்தாரா?

அன்புத் தம்பி

---

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

டப்பா வந்தது. சத்தம் நன்றாகவே கேட்கிறது. மூன்றாம் மாடிக்காரி அதை ஒரு துண்டில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அவள் ஏமாற்றுக்காரி இல்லை, களைத்துப்போனவள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

வண்டி வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காக எழுதும் கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளாதே, நிஜமாகவே கேட்கிறேன். மே மாதக் கடைசியில் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. போனில் "வேலை ஜாஸ்தி" என்று இரண்டே வார்த்தை அனுப்புகிறாய். திட்டுவதற்காவது நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. நான் எதையாவது கடுமையாக எழுதிவிட்டேனா?

டப்பாவைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். உன்னைப் பற்றி எழுது.

அன்புத் தம்பி

---

ஜூன் 20

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலமறிய ஆவல்.

உங்கள் அக்காவுக்கு அலுவல் அதிகமாக உள்ளபடியால் அவள் சார்பில் நான் எழுதுகிறேன். கவலைப்படும்படி இங்கே ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாக இறங்குகிறது. தூக்கமும் பரவாயில்லை. நான் ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன், அதுவும் சும்மாதான். ஆகவே கவலை வேண்டாம்.

டீச்சர் அம்மாவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லவும்.

மாமா

---

ஜூன் 28

அக்கா,

நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை.

கவலை வேண்டாம் என்று மாமா ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருடத்தில் ஒரு நாள் லீவு எடுக்காத மனிதர் சும்மா ஒரு மாதம் லீவு போடுவாரா? அவருக்கு நடிக்கத் தெரியாது. பாவம்.

டப்பா எண் பதினான்கின் பதிவை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே, உறவினர் எண் என்ற இடத்தில் இருந்தது உன் போன் எண். பக்கத்து வீட்டுக்காரிக்கு உதவி செய்கிறாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு மாமாவைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் சமாளித்தார். "மூணாவது மாடியில உங்க அக்காவைத் தவிர வேற யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். நீ குடியிருப்பது மூன்றாம் மாடி என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் குடிபோன இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வீட்டுப் படி ஏறாத தம்பிக்கு எப்படித் தெரியும்?

ஜனவரியில் நீ படிக்கட்டில் உருண்டது வண்டியால் அல்ல. மே இருபத்தாறாம் தேதி உன் வண்டிப் பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் விழுந்தாய். ஆறு நாள் ஆஸ்பத்திரி. வலது தோளில் எலும்பு விலகியதால்தான் எழுதவில்லை. தலைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று வியாழக்கிழமை பெரிய ஸ்கேன். எல்லாம் மாமா சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அக்கா, உனக்கா நான் அப்படி எழுதினேன்? வெட்கப்பட்டால் வியாதி போய்விடுமா என்று? சத்தத்தை இரண்டு மடங்காக்கி உனக்கே அனுப்பினேனே. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. படிக்கட்டில் போய் உட்கார், சும்மா பார் என்று உனக்கு உபதேசம் செய்தவன், உன் கடிதத்தையே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்தொரு பேர் உறவினர் எண்ணாகத் தங்கள் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை எடுத்தாயிற்று என்ற செய்தி அவர்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட டப்பாக்கள் திறந்த இரண்டாவது நொடியில் மூடியிருக்கின்றன. இரண்டு நொடியில் யாரால் மாத்திரையை எடுக்க முடியும்? தொண்ணூற்றேழு என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

நாளை நர்ஸம்மாவைப் பார்த்து நானூறு டப்பாவையும் நிறுத்தச் சொல்லப்போகிறேன். புதன்கிழமை காலை உன் வாசலில் இருப்பேன். வேண்டாம் என்று எழுத உனக்கு நேரமில்லை.

தம்பி

---

ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்று டீச்சர் சொன்னாள். இனி நான் நலம் என்று எழுதினால் அது நலம்தான். நம்பு. இடது கையால் தட்டுத்தடுமாறி எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை. மாத்திரையை விட்டதுதான் காரணம், ஒழுங்காகச் சாப்பிட்டால் வண்டியும் இழுக்கலாம் மலையும் ஏறலாம் என்றார். நீ அவரிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாய். அவரும் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது நர்ஸ் சிரித்துவிட்டாள். மாமா வெளியே போய் யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது தம்பி. அன்று ராத்திரி படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ இங்கே இருந்த இரண்டு நாளும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். முதலில் பயம். பெயரைச் சொன்னால் அந்த வியாதி என்னுடையதாகிவிடும் போலிருந்தது. மூன்றாம் மாடிக்காரி என்று எழுதியபோது அது வேறு யாருக்கோ வந்ததாக இருந்தது. இரண்டாவது, பழைய கம்பெனி. எனக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்த வாரம் நீ ஒரு முடிவும் எடுக்காமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாய். அதைப் பற்றி அப்புறம் எவ்வளவு சண்டை! டப்பா அக்காவுக்கு என்று தெரிந்தால் நீ டப்பாவை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். தப்பான கணக்குத்தான்.

மாமா எண்ணை ஏன் கொடுக்கவில்லை என்று நீ அவர் முன்னால் கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன். பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, உங்கள் உறவினர் மாத்திரை எடுக்கவில்லை என்று செய்தி வந்தால் அவர் என்ன செய்வார்? அறுபது பயணிகளோடு வீட்டுக்கு வந்து நிற்பார்.

இப்போது மூன்றாம் மாடிக்காரி உன் பொருளைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொள். கூவுவது எனக்கு வேண்டாம். கைப்பையில் கிடந்து லேசாக அதிர்ந்தால் போதும். பார்ப்பவர்களுக்கு மாத்திரை டப்பா என்று தெரியக்கூடாது. அப்புறம், ஒவ்வொரு வேளையும் எடுத்தாயிற்று எடுத்தாயிற்று என்று இன்னொருவருக்குச் செய்தி போவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன சிறுபிள்ளையா? தவறினால் மட்டும் சொல், அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. அதற்குள் நானே நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் தெரியவேண்டாம்.

இவ்வளவையும் செய்து கொடுத்தால், உறவினர் என்ற இடத்தில் உன் எண்ணைப் போடுகிறேன். செய்தி வந்தால் கத்தக்கூடாது. "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நீ வந்த அன்று எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாயே, அந்தத் திருப்பத்துக்கான புதுக் கைப்பிடி தயாராகிவிட்டது. தையல்காரர் ஒரு வாரமாக வைத்திருக்கிறார். இதுவரை செருப்பு ஏறவில்லை.

வாலுக்கு முத்தங்கள்.

அக்கா

---

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் ஆனந்தமாக இருக்கிறோம். வாலுக்குப் புதுப் பற்கள் முளைத்து, கடிப்பதற்கு ஆள் தேடுகிறாள். உன் தோளுக்குப் பயிற்சி முடிந்துவிட்டது என்று மாமா சொன்னார். கேட்கவே இதமாக இருந்தது.

நர்ஸம்மா கதையைச் சொல்லாமல் விட்டேன் அல்லவா? அன்று பயந்துகொண்டுதான் போனேன். தொண்ணூற்றேழு பொய், மூடி திறந்ததை மாத்திரை சாப்பிட்டதாக எண்ணிவிட்டேன், நானூறையும் நிறுத்துங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வார்டுல பத்து டப்பா குடுத்தீங்களே, எட்டுப் பேர் தொறந்து தொறந்து மூடறாங்க தம்பி. நானே உங்களக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. சரிபண்ணிட்டு வாங்க, ஜனவரி வரைக்கும் காத்திருக்கேன்" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்ற வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

புது டப்பா மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கூவாது, அதிரும். நீ கேட்டபடி, தவறினால் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துச் செய்தி போகும். மூடியை எண்ணுவதில்லை, உள்ளே எடை குறைந்தால்தான் எடுத்ததாகக் கொள்ளும். மாத்திரையை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தால் அதற்குத் தெரியாது. அந்த அளவுக்கு மனிதர்களை நம்பித்தான் ஆகவேண்டும் என்று விட்டுவிட்டேன். தங்கள் எண்ணையே கொடுத்த முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் தாங்களாகவே வேறு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குத் தங்கள் எண்ணே போதுமாம். அதுவும் சரிதான்.

உன் டப்பா, உறவினர் இடத்தில் என் எண்ணோடு, செப்டம்பர் ஒன்றாம் தேதி வேலையைத் தொடங்கியது. அன்றிலிருந்து காலை ஒன்பதரைக்கும் இரவு ஒன்பதரைக்கும் என் போனை எடுத்து மேஜையில் வைத்துக்கொள்கிறேன். இருபது நாளாக ஒரு செய்தியும் இல்லை. டீச்சர் நேற்றுப் பார்த்துவிட்டு, "வெறும் போனைப் பாத்து என்ன சிரிப்பு? யாரு பேசறா?" என்று கேட்டாள்.

"அக்கா" என்றேன்.

அன்புத் தம்பி